ஸப்ரி நம்பாத பற்றாக்குறை

ஸப்ரியை முதலில் சந்தேகித்தது நான்தான். பாரிசவாதத்தில் விழுந்த அவனுடைய உம்மா முனவ்வறாவைப் பராமரிக்கும் தாதியாகக் கல்முனைக்குப் போயிருந்தேன். வயதுவந்த ஆண் வேலைக்குப் போகாமல், கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் இருந்தான். நேரே கேட்டுவிட்டேன்.

“காணாமப் போனதுகளத் தேடுறன் அக்கா,” என்றான்.

ஜெர்மனியில் பௌதிக ஆராய்ச்சி செய்தவன், உம்மாவுக்காகத் திரும்பி வந்து வீட்டிலிருந்தே அதைத் தொடர்ந்தான். ஈய அணுக்கருக்களைப் பெருவேகத்தில் மோதவிட்டால், ஒரு கணம் கொதிகுழம்பு போன்ற நிலை உண்டாகுமாம். கனமான குவார்க் என்ற நுண்துகளும் அதன் எதிர்க்குவார்க்கும் சோடியாகப் பிணைந்திருக்கும். அந்தச் சூட்டில் பிணைப்பு அறும். புரோத்தன் மோதல்களை வைத்து எதிர்பார்த்ததைவிடச் சோடிகள் குறைந்தால், குழம்பு உண்டானதற்கு அது சாட்சி.

ஸப்ரியின் கணக்கில் சோடிகள் மிகவும் குறைந்திருந்தன. ஜெர்மனியிலிருந்த அவனுடைய பேராசிரியருக்குச் சந்தோசம். பெரிய மாநாட்டில் பேச இடம், பிறகு நிரந்தர வேலை என்றார். முடிவை உறுதிசெய்து அனுப்புவதுதான் பாக்கி. இவன் அனுப்பவில்லை.

“புரொபசரே நல்லமெண்டுட்டார். ஒங்களுக்கென்ன?” என்றாள் மனைவி அப்னா.

“இவ்வளவு நல்லா வரக்கூடா. எங்கயோ பிழ இரிக்கி.”

“என்னப் பொண்ணு பாக்க வந்த நேரமும் இப்பிடித்தானே நினைச்சீங்க?”

“ஓம். இன்னும் தேடிக்கிட்டுத்தான் இரிக்கன்.”

நோன்பு முடியும் மாலை, பிறை பார்க்க வயற்கரை வீதிக்குப் போனோம். முனவ்வறாவைச் சக்கர நாற்காலியில் நான் தள்ளினேன். மேற்கே முகில் அடைத்திருந்தது.

“பிற இல்லயா மனே?” முனவ்வறா குழறினார்.

“இல்ல உம்மா.”

பக்கத்து வீட்டு மசூர் சிரித்தார். “இல்லெண்டு எப்பிடிக் கதைக்கிற? காணல்லெண்டு சொல்லு. முகில் மறைச்சாப் பிற என்ன செய்யும்?”

ஸப்ரி மேற்கையே பார்த்து நின்றான். பிறகு வீட்டுக்கு விரைந்தான்.

பிழை கிடைத்துவிட்டது. கருவி எத்தனை சோடிகளைத் தவறவிடும் என்ற கணக்கைப் புரோத்தன் மோதலிலிருந்து எடுத்திருந்தான். அங்கே துகள்கள் கொஞ்சம், வானம் வெளித்தது போல. ஈய மோதலிலோ துகள்கள் நெரிபடும். கருவி இன்னும் அதிகம் தவறவிடும். கருவியின் கண்ணுக்குத் தப்பிய சோடிகளையும் அறுந்தவற்றோடு சேர்த்துவிட்டான். நாடி கிடைக்காவிட்டால் முதலில் விரலை மாற்றி வை என்றுதான் எங்களுக்கும் பயிற்சியில் சொன்னார்கள்.

பெருநாள் கழிந்து திருத்தி அனுப்பினான். பற்றாக்குறை சுருங்கியது, ஆனால் மறையவில்லை. மற்ற ஆய்வாளர்கள் முன்பே கண்ட அளவுதான். மாநாட்டு இடம் வேறொருவருக்குப் போனது. வேலையைப் பற்றிப் பேராசிரியர் பிறகு பேசவில்லை. அப்னா தேநீர்க் கோப்பையைச் சத்தமாக வைத்தாள்.

“இப்பவாவது நம்புறியா தம்பி?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா. இன்னொருக்காப் பாத்துட்டு.”

“சோறு வெந்திட்டெண்டாவது நம்புங்க,” குசினியிலிருந்து அப்னா சொன்னாள். “வந்து தின்னுங்க.”

அவன் போய், முதலில் மூடியைத் திறந்து பார்த்தான்.