நத்தாலி, வயது 29, கொழும்பு

2007ஆம் ஆண்டு ஓகஸ்டில் கமலாசனிக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இருபத்தேழு வருடங்கள். அந்த இருபத்தேழு வருடங்களும் அவர் கணவர் திருச்செல்வத்தின் மேல் வைத்த கண்ணை எடுத்ததில்லை என்பது அம்பிட்டியவில் அவர்களைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். காவல் போட வேண்டிய ஆள் அல்ல திருச்செல்வம். மெலிந்தவர், தடித்த கண்ணாடிக்காரர், கண்டியில் ஒரு மருந்து விநியோக நிறுவனத்தின் கணக்கர். பெண்கள் பக்கத்தில் வந்து நின்றால் கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். அந்தத் துடைப்பிலும் கமலாசனிக்குச் சந்தேகம் உண்டு.

எண்பத்து மூன்று ஜூலையில் நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தபோது இருவரும் ஒரு சிங்களக் குடும்பத்தின் பின்னறையில் ஒளிந்திருந்தார்கள். வெளியே கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டு மகள் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். திருச்செல்வத்தின் கோப்பையில் மட்டும் சீனி கூடப் போட்டிருந்தாள் என்று கமலாசனி சொல்வார். உயிர் தப்பிய கதையைக் கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். சீனியைப் பற்றிக் கேட்டால் அரை மணித்தியாலம் போகும்.

மகள் கல்யாணம் முடித்துக் கனடா போன பிறகு, முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று ஒரு கணினி வாங்கினார்கள். அது முன்னறையில், தெருவைப் பார்த்த யன்னலோடு இருந்தது. திருச்செல்வம் அதில் கிரிக்கெட் பார்ப்பார். கமலாசனி ஒரு தமிழ்ப் பாடசாலையில் புவியியல் படிப்பித்தார். பாடசாலை விட்டு வந்ததும், சேலையைக்கூட மாற்றாமல், யாழ்ப்பாணச் செய்தி பார்க்க உட்காருவார். தங்கை நல்லம்மா சாவகச்சேரியில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை போரில் மூடி ஒரு வருடமாகியிருந்தது. தொலைபேசி கிடைக்கும் நாளைவிடக் கிடைக்காத நாள்தான் கூட. எந்த ஊரில் செல் குண்டு விழுந்தது என்று வாசித்து, அது சாவகச்சேரி இல்லையென்றால்தான் தேத்தண்ணி ஊற்றுவார்.

அவர் வழமையாக வாசிக்கும் இணையத்தளம் அந்த ஜூனில் திறக்காமல் போயிற்று. உடன் படிப்பிக்கும் பத்மாதேவி டீச்சர் வேறொரு முகவரி கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளாவிட்டால் பக்கம் முழுக்கப் பெட்டி பெட்டியாகத் தெரியும். அங்கேயும் பெட்டிகள் தெரிந்தன. மேலே ஒரு மஞ்சள் பொத்தான், எழுத்துரு இலவசம் என்று. கமலாசனி அமத்தினார், வந்ததற்கெல்லாம் சரி சரி என்று கொடுத்தார், தமிழ் வந்தது. சாவகச்சேரியில் ஒன்றுமில்லை. தேத்தண்ணி ஊற்றப் போனார்.

நத்தாலி வந்தது அந்த வாரம்தான்.

திரையின் மூலையில் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் ஈரத் தலைமயிரோடு, பச்சைச் சட்டையில், கையை மேசையில் ஊன்றிச் சிரிக்கும் ஒரு பெண். நத்தாலி, வயது 29, கொழும்பு, உங்களோடு கதைக்கக் காத்திருக்கிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மூடினால் திரும்ப வந்தாள். மகளோடு கதைக்கும்போதும் மகளின் முகத்துக்கு மேலே வந்து நின்றாள்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை திருச்செல்வம் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போவார், புதன்கிழமைதான் திரும்புவார். முன்பெல்லாம் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினார். அந்த வருடம் லொட்ஜில் தங்கும் தமிழர்களைப் பொலிஸ் தட்டியெழுப்பி விசாரிக்கத் தொடங்கியதால், உடன் வேலை செய்யும் நவரட்ணராஜாவின் தெஹிவளை வீட்டில் தங்கினார். தெஹிவளைப் பக்கம் ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கிக் குடும்பங்கள் இருக்கின்றன. நத்தாலி என்பது பறங்கிப் பெயர். கமலாசனிக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

ஆனால் கேட்கவில்லை. அவருடைய பொறாமைக்கு ஒரு முறை இருந்தது: முதலில் பார்ப்பது, பிறகு சேர்ப்பது, கடைசியில்தான் கேட்பது. கொழும்பிலிருந்து கணவர் போட்டு வந்த சேட்டை மணந்து பார்த்தார். ரயில் மணம்தான் இருந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று தலைமயிரை அவிழ்த்து விட்டுப் பார்த்தார். நத்தாலியின் தலைமயிர் காதுக்குக் கீழே சுருண்டு நின்ற விதம் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் தலைக்கு மை வாங்கினார்.

"என்னப்பா, தலை கறுத்திருக்கு?" என்றார் திருச்செல்வம்.

"ஏன், கறுத்தால் உங்களுக்குப் பிடிக்காதோ? ஈரமாய் இருந்தால்தான் பிடிக்குமோ?"

திருச்செல்வம் கண்ணாடியைத் துடைத்தார்.

கணினி மெதுவாகி, மகளின் குரல் வெட்டி வெட்டி வந்தபோது, பஸீஹாவைக் கூப்பிட்டது திருச்செல்வம்தான். நகரத்தில் வாப்பாவின் கடையில் கணினி திருத்துகிற பெண். கல்யாணமானவர், பேச்சிலும் வேலையிலும் கெட்டிக்காரி. சனிக்கிழமை வந்தார், உட்கார்ந்தார், நத்தாலி மேலே எழுந்தாள். பஸீஹா சட்டென்று திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, "ஆன்டி, கொஞ்சம் தண்ணி தாறீங்களா?" என்றார்.

கமலாசனி தண்ணீரோடு திரும்பி வரும்போது பஸீஹா தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "அங்கிள், இப்பிடிப்பட்ட எடங்களுக்குப் போகாம இரிக்கிறது நல்லம். கம்பியூட்டருக்குக் கூடாது, அதுதான் சென்னேன்."

"எந்த இடத்துக்குப் பிள்ளை? நான் கிரிக்கெட் மட்டும்தான்."

"சரி அங்கிள். கிரிக்கெட்தான்."

ஆம்பிளைகள் இருக்கும் வீட்டில் இப்படி ஒன்று வந்தால் யார் கொண்டுவந்தது என்று பஸீஹா விசாரிப்பதில்லை. அந்த வீட்டில் அது பிழையான மரியாதையாகிப் போயிற்று. அவர் நத்தாலியைக் கொண்டுவந்த மென்பொருளைத் தேடிப் பிடித்து, அதோடு ஒட்டி வந்த அத்தனையையும் வழித்துத் துடைத்துவிட்டுப் போனார். நத்தாலி போய்விட்டாள். கமலாசனியின் காதில் அந்தக் 'கிரிக்கெட்தான்' மட்டும் தங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை திருச்செல்வம் கொழும்புக்குப் போனார். பாடசாலை விடுமுறை. சாவகச்சேரி இருக்கும் தென்மராட்சிப் பக்கம் இரவு முழுக்கச் செல் சத்தம் என்று பத்மாதேவி தொலைபேசியில் சொன்னார். கமலாசனி கணினியைப் போட்டார். பக்கம் முழுக்கப் பெட்டிகள். பஸீஹா வழித்துத் துடைத்ததில் எழுத்துருவும் போயிருந்தது. மஞ்சள் பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. அமத்தினார். தமிழ் வந்தது. சாவகச்சேரிக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்து மூச்சு விடும்போது, மூலையில் நத்தாலி எழுந்தாள். இந்த முறை கூடுதலாக ஒரு வரி: நத்தாலி இப்போது கொழும்பில் இருக்கிறாள்.

கமலாசனி தொலைபேசியை எடுத்தார்.

"எங்க நிக்கிறியள்?"

"ஒஃபீஸில. ஏன், நல்லம்மாவுக்கு ஏதும்?"

"அவளுக்கு ஒண்டுமில்லை. பக்கத்தில ஆர்?"

"பக்கத்தில நவரட்ணராஜா நிக்கிறார். குடுக்கட்டே?"

"வேண்டாம். அவள் எங்க?"

"ஆர் அவள்?"

"நத்தாலி."

"எந்த நத்தாலி?"

"எந்த நத்தாலியோ? அப்ப எத்தினை நத்தாலியள் இருக்கினம்?"

புதன்கிழமை திருச்செல்வம் வந்தபோது முகம் காய்ந்திருந்தது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் ஆமிக்காரர் பையை முழுக்கக் கொட்டிச் சோதித்திருந்தார்கள். வாசலிலேயே கமலாசனி சொன்னார்: "ஒண்டு கொழும்பு, இல்லையெண்டால் இந்த வீடு. ரெண்டும் இனி இல்லை."

கொழும்புக்குப் போகாத கணக்கர் அந்த நிறுவனத்துக்குத் தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை கிடைக்காது என்பதும் தெரியும். திருச்செல்வம் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்தார்.

"சரி. வெள்ளிக்கிழமை எழுதிக் குடுக்கிறன். அங்க ஆமிக்காரன் கேக்கிறான் எங்க போறாய் எண்டு. இஞ்ச நீர் கேக்கிறீர் எங்க போனனீங்கள் எண்டு. எனக்கும் களைச்சுப் போச்சு."

கமலாசனி சண்டைக்கு ஆயத்தமாக நின்றவர். இவ்வளவு கெதியாக ஒரு மனிதன் சம்மதிக்கிறான் என்றால் அதிலும் ஏதோ இருக்கத்தானே வேண்டும்?

வியாழக்கிழமை, கணவர் வேலைக்குப் போன பிறகு, பஸீஹாவை அவரே கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, அவள் இவருக்கு எழுதினதெல்லாம் எனக்கு எடுத்துத் தா."

"யாரு, ஆன்டி?"

"நத்தாலி. திரும்பியும் வந்திட்டாள். செவ்வாய்க்கிழமை காலமை, இவர் கொழும்பில நிக்கேக்க."

பஸீஹா திரும்பிப் பார்த்தார். "செவ்வாக்கிழம அங்கிள் கொழும்புல என்டு சென்னீங்களே. அப்ப இந்தக் கதிரையில இருந்தது யாரு?"

"நான்தான். செய்தி பார்த்தனான்."

பஸீஹா நத்தாலியைத் திரும்பவும் துடைத்து எடுத்தார். கணினியை நிறுத்தித் திரும்பப் போட்டார். எழுந்து கதிரையைக் கமலாசனிக்குக் கொடுத்தார். "செவ்வாக்கிழம செஞ்சதை அப்பிடியே செய்ங்க. ஒன்டையும் விடவாணாம்."

கமலாசனி தளத்தைத் திறந்தார். பெட்டிகள். கை தானாக மஞ்சள் பொத்தானுக்குப் போயிற்று.

"நில்லுங்க. இதுக்குக் கீழ இரிக்கிற சின்ன எழுத்த வாசிச்சீங்களா?"

கமலாசனி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். எழுத்துருவோடு 'உங்கள் ரசனைக்கேற்ற' விளம்பரங்களைக் காட்டும் கருவியும் சேர்ந்து வரும் என்று ஆங்கிலத்தில் எறும்பெழுத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு கட்டம். சரி என்று முன்கூட்டியே யாரோ அடையாளம் போட்டுவிட்டிருந்தார்கள். அதை எடுத்துவிட்டால் போதும். அவர் எடுத்ததில்லை. அங்கே அப்படி ஒன்று இருப்பதையே பார்த்ததில்லை. செல் எங்கே விழுந்தது என்று அறிய ஓடும் ஒருவர் வழியில் அறிவித்தல் பலகை வாசிப்பாரா?

"இப்ப அமத்துங்க," என்றார் பஸீஹா.

அமத்தினார். தமிழ் வந்தது. வீட்டில் இரண்டு பெண்களைத் தவிர வேறு யாருமில்லை. நத்தாலி ஈரத் தலையோடு எழுந்து வந்து கமலாசனியைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிழ என்னடதான், ஆன்டி," என்றார் பஸீஹா. "அங்கிள் என்டு நெனச்சிட்டேன். கேட்டிரிக்கணும். அந்த எழுத்தையும் நான்தான் சேத்துத் தொடச்சிட்டேன்."

"இவளுக்கு இவர் கொழும்புக்குப் போறது எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. நம்மட இன்டர்நெட் லைன் கொழும்பால வார. கண்டியில யாருக்கும் கொழும்பு என்டுதான் காட்டும். இவவ நான் கட்டுகஸ்தோட்டையில ஒரு ஹாஜியார்ட வீட்டுலயும் பாத்த. அவரும் அவவோட இவ்வளவு பாடு பட்டாரு."

கமலாசனி கொஞ்சம் யோசித்தார். "ஹாஜியாருக்கும் இருபத்தொன்பது எண்டுதானோ வந்தவள்?"

"ஓம் ஆன்டி. எல்லா ஊட்டுலயும் இருவத்தொம்பதுதான்."

ஏமாற்றமா ஆறுதலா என்று தெரியாத ஒரு சத்தம் கமலாசனியிடமிருந்து வந்தது. இரண்டு மாதமாகத் தன் கணவருக்காக மட்டும் சிரித்தவள் என்று நினைத்திருந்தார்.

பஸீஹா மூன்றாம் முறையாக அவளை அகற்றினார். நம்பிக்கையான இடத்திலிருந்து, விளம்பரம் ஒட்டாத எழுத்துருவைத் தானே போட்டுக் கொடுத்தார். தானாக எழும்பும் சதுரங்களைத் தடுக்கும் வசதியைத் திறந்தார். அன்றாட வேலைக்கு ஒரு சாதாரணக் கணக்கும், புதிதாக எதையும் ஏற்ற வேண்டுமென்றால் மட்டும் கேட்கும் கடவுச்சொல்லும் வைக்கலாம் என்றார். "அந்தக் கடவுச்சொல் அமத்துற ஆள்ட கையில இரிக்கப்படாது. அங்கிள்ட குடுங்க."

"அவரிட்டயோ? தனியவோ?"

பஸீஹா பையை எடுத்துக்கொண்டார். "அத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க, ஆன்டி."

அன்று மாலை திருச்செல்வம் வரும்போது சேட்டுப் பையில் இராஜினாமாக் கடிதம் மடித்து இருந்தது. அலுவலகத்திலேயே தட்டச்சு செய்து வைத்திருந்தார், கையெழுத்து மட்டும் பாக்கி. கமலாசனி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிர்க் கதிரையில் உட்காராமல், நின்றுகொண்டே சொன்னார்.

"அந்த மஞ்சள் பொத்தானை அமத்தினது நான்."

"எந்தப் பொத்தான்?"

முழுக்கச் சொன்னார். எழுத்துரு, சின்ன எழுத்து, கொழும்பு லைன், ஹாஜியார். திருச்செல்வம் கடைசி வரை கேட்டார்.

"அப்ப நத்தாலியை இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது நீர்."

"ஓம்."

"இருபத்தேழு வருசமாய் நான் ஒருத்தியையும் கொண்டு வரேல்லை. நீர் ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு வந்திட்டீர்."

"மூண்டு தரம். இண்டைக்கும் ஒருக்கா." கமலாசனி சேலைத் தலைப்பைத் திருகினார். "அந்தக் கடிதத்தைக் குடாதையுங்கோ. கொழும்புக்குப் போங்கோ."

திருச்செல்வம் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சீனி கூடிப்போச்சு."

"தெரியும். குடியுங்கோ."

கடவுச்சொல் விடயத்தில்தான் அன்று நேரம் போயிற்று. திருச்செல்வம் தனியாக வைத்திருப்பதற்குக் கமலாசனி சம்மதிக்கவில்லை. கமலாசனி வைத்திருப்பதில் அர்த்தமில்லை. கடைசியில் முன்பாதியைத் திருச்செல்வம் அடித்தார். கமலாசனி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்பாதியைக் கமலாசனி அடிக்கும்போது திருச்செல்வம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒருவர் பாதி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அந்தக் கணினி புதிதாக எதையும் உள்ளே விடும்.

"ஒண்டு கேக்கிறன்," என்றார் கமலாசனி, எல்லாம் முடிந்த பிறகு. "அவள் வடிவோ?"

"நான் கண்ணாடி போட்டுப் பார்க்கேல்லை," என்றார் திருச்செல்வம்.

செப்டெம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமை அவர் காலை ரயிலில் கொழும்புக்குப் போனார். தெஹிவளையில் தங்கி, புதன்கிழமை திரும்பி வந்தார்.