மவுஸ்லேர்ந்து கையை எடுங்க

என் அண்ணி ஒரு வாயில்லாப் பூச்சி என்று எங்கள் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும். அவர்களில் ஒருவருக்கும் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் அண்ணியின் கையில் மாட்டிய அனுபவம் கிடையாது.

அண்ணிக்கு வேலை வீட்டிலிருந்தேதான். கிளினிக்குகளில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை விற்கும் கம்பெனி அது. எங்காவது ஒரு கிளினிக்கில் அது மக்கர் செய்தால் போன் இங்கே வரும். அண்ணி எங்கள் பின்கட்டு அறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில், ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடுவார். அவர்களுடைய திரை அப்படியே இவர் திரையில் விரியும். இவர் மவுஸை அசைத்தால் அங்கே அம்பு நகரும். தொல்லை என்னவென்றால், அங்கே இருப்பவரும் மவுஸை விடமாட்டார். இவர் வலப்பக்கம் இழுக்க, அவர் இடப்பக்கம் இழுக்க, அம்பு நடுவில் நின்று நடுங்கும். அப்போது பின்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

"டாக்டர், மவுஸ்லேர்ந்து கையை எடுங்க."

நான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்ள வந்தவர் ஸ்டீயரிங்கை விடாமல் லாரியைப் பார்த்துப் போகும்போது நான் கரடியாய்க் கத்தினாலும் விடமாட்டார். அண்ணி ஒரே ஒரு தடவை சொன்னால் பெரிய பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணர்கள்கூடக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு வயிறு எரியத்தான் செய்தது.

ஆனால் அதே அண்ணிக்கு எதிரில் ஓர் ஆள் வந்து நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதற்கு முன் பார்த்த ஆபீஸ் வேலைகளெல்லாம் அப்படித்தான் போயின. இந்த வேலையும் ஒப்பந்த வேலைதான். ஒப்பந்தம் முடியும் மாதக் கடைசியில் மேற்பார்வை மேடம் ஒருவர் ஒரு முழு அழைப்பைக் கூடவே இருந்து கவனிப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"இதுவும் போச்சுன்னா நான் வேற எதுக்கும் லாயக்கில்ல தம்பி" என்று ஒருநாள் துணியை மெஷினில் திணித்துக்கொண்டே சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மெஷினைப் பார்த்துத்தான் சொன்னார்.

இனி என் அப்பா. கோர்ட்டில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் கஞ்சன், விரலில் வள்ளல். அம்மா இருந்தவரை மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவே அம்மாதான் தபால்காரி. அம்மா போன பிறகு, அண்ணன் வேறு வேலை வேலையென்று பாதி நாள் வெளியூரில் இருக்க, வீட்டில் பேச்சே நின்றுபோனது. பிறகு ஒருநாள் அப்பாவின் கம்ப்யூட்டர் படுத்தது. அண்ணி அவர் அறைக்குப் போகக் கூச்சப்பட்டு, பின்கட்டிலிருந்தபடியே ரிமோட்டில் நுழைந்து சரிசெய்தார். அம்பு தானாக நகர்வதைப் பார்த்த அப்பா, நோட்பேடைத் திறந்து "நன்றி" என்று அடித்தார். அதே பக்கத்தில் அண்ணியும் "பரவாயில்லை மாமா" என்று அடித்தார்.

அவ்வளவுதான், அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. நடுவில் ஒரே ஒரு சுவர். சாயங்காலமானால் அண்ணி ரிமோட்டில் நுழைவார், உடனே அப்பாவின் விரல்கள் நோட்பேடைத் திறக்கும். கோர்ட் புத்தி விடுமா?

"காபி சம்பந்தமாக. மேற்படி காபியில் சர்க்கரை இல்லை என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

"மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. மனுதாரருக்குச் சர்க்கரை வியாதி உள்ளது."

இதைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொள்வேன். நாலு எட்டு வைத்தால் நேரில் பேசலாம். சொன்னால் இரண்டு பேருமே என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவனைப் போலப் பார்ப்பார்கள்.

மேடம் கவனிக்கும் நாள் வந்தது. காலையிலிருந்து மேடம் லைனில் இருக்கிறார், அண்ணியின் திரை அவருக்கும் தெரிகிறது. ஆனால் ஒரு போன்கூட வரவில்லை. ஊரில் உள்ள அத்தனை கிளினிக்கும் அன்றைக்கென்று ஒழுங்காக ஓடித் தொலைத்தன. மத்தியானம் தாண்டியதும், "இன்னைக்கு நான் அறிக்கை குடுத்தே ஆகணும்மா. இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், அழைப்பு வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேடம் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் அப்பாவுக்கும் கேட்டது. அண்ணியின் முகம் செத்துப்போனது.

அப்பா என்னைத் தன் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

"ஏதாவது கெடுடா" என்றார்.

"எதைப்பா?"

"என் கம்ப்யூட்டரைத்தான். ஆனா ரொம்பக் கெடுத்துடாதே."

கெடுப்பதற்குப் படிப்பா வேண்டும்? இரண்டு கையையும் விரித்துக் கீபோர்டில் ஒரு சாத்து சாத்தினேன். திரை ஒரு கணம் கறுத்து, அப்படியே தலைகீழாக வந்து நின்றது. அப்பா மகிழ்ந்துபோனார். என் போனைப் பிடுங்கி, குரல் மாறட்டும் என்று வாயில் கொஞ்சம் பஞ்சை அடைத்துக்கொண்டு, கம்பெனிக்கு அடித்தார்.

"நான் பல் டாக்டர் பேசுறேன். என் கம்ப்யூட்டர் திரை தலைகீழா நிக்குது."

பல் டாக்டர் எதற்கு வாயில் பஞ்சு வைத்துக்கொள்கிறார் என்று நான் சைகையில் கேட்டேன். அப்பா சட்டை செய்யவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி மூச்சை இழுத்தது எனக்கே கேட்டது. அப்புறம் நடுங்கும் குரலில், "ரிமோட் எண்ணைச் சொல்லுங்க டாக்டர்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா எண்ணை ஒப்பித்துவிட்டார்.

"நல்லாப் பழகின டாக்டரா இருக்காரே" என்றார் ஸ்பீக்கரில் மேடம்.

அண்ணி உள்ளே நுழைந்தார். அம்பு நகர்ந்தது. அங்கேதான் எங்கள் குடி கெட்டது. அம்பு நகர்ந்தால் நோட்பேடைத் திறப்பது அப்பாவின் விரலுக்கு ஊறிப்போன பழக்கம் அல்லவா? மூளையைக் கேட்காமலே விரல் திறந்துவிட்டது. தலைகீழ் எழுத்தைப் படிக்க முடியாததால், "மானிட்டரைத் திருப்பிப் பிடிடா" என்று என்னை ஏவினார். நானும் அதைக் கவிழ்த்து, தாங்கியை மேலே பார்க்க வைத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். அப்பா சாவகாசமாக அடித்தார்.

"குரல் சம்பந்தமாக. மேற்படி குரல் எப்படி இருந்ததம்மா? அந்த அம்மாளுக்குச் சந்தேகம் ஏதும் வந்ததா?"

அந்த அம்மாள் அதை வரிக்கு வரி படித்துக்கொண்டிருந்தார்.

பிறகு அண்ணியின் குரல் கேட்டது. "மேடம், அது டாக்டர் இல்ல. என் மாமனார். பக்கத்து ரூம்ல இருக்காரு. எனக்குத் தெரியாமத்தான் பண்ணினாரு. ஆனா குரலைக் கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என் பேர்லதான்."

அண்ணி இத்தனை வாக்கியங்கள் சேர்ந்தாற்போல் தனக்காகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"அப்போ திரை தலைகீழா இருக்குங்கறதும் பொய்தானே" என்றார் மேடம். "எனக்கு நேராத்தான் தெரியுது."

"எனக்கும் நேராத்தான் தெரியுது மேடம்." அண்ணி போனில் கேட்டார், "மாமா, நிஜமாவே தலைகீழாவா இருக்கு?"

அப்பா பஞ்சைத் துப்பினார். "சத்தியமாம்மா."

"போதும்மா, வச்சிடலாம்" என்றார் மேடம்.

"ஒரு நிமிஷம் மேடம். அவர் பொய் சொல்லுவாரு. ஆனா சத்தியம்னு சொல்லிட்டுப் பொய் சொல்ல மாட்டாரு, கோர்ட்ல இருந்தவரு. அங்க ஏதோ நிஜமாவே கெட்டிருக்கு. நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. வயரில்லாத ஹெட்செட்டைக் கழற்றக்கூட மறந்து, அண்ணி அப்பாவின் அறை வாசலில் நின்றார். அங்கே கண்டது, கவிழ்ந்த மானிட்டரைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டிருந்த என்னையும், மோவாயில் பஞ்சு ஒட்டிய மாமனாரையும்தான். நான் அசடு வழிந்தேன். அண்ணி என்னை லட்சியமே பண்ணாமல் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"மாமா, மவுஸ்லேர்ந்து கையை எடுங்க."

அப்பா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரிமோட்ல பார்த்தா இது தெரியாது மாமா. இங்க நேர்ல வந்தாத்தான் தெரியும். கன்ட்ரோல், ஆல்ட், மேல் அம்பு. மூணையும் சேர்த்து அமுக்கணும். கீழ் அம்பை அமுக்கினா கவிழ்ந்துக்கும்." அமுக்கினார்.

"ஐயையோ, மறுபடியும் கவிழ்ந்துடுச்சேம்மா" என்றார் அப்பா.

"தம்பி, மானிட்டரைக் கீழ வைங்க."

நேராக வைத்தேன். திரையும் நேராக இருந்தது. அப்பாதான் முதலில் சிரித்தார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஹெட்செட்டுக்குள் மேடமும் சிரிப்பது கேட்டது.

"போலி அழைப்புக்கு மார்க் கிடையாதும்மா" என்றார் மேடம், சிரித்து முடித்து. "ஆனா கெட்டுப்போனது நிஜம், சரியானதும் நிஜம். உங்க கண்ணுக்கு நல்லாத் தெரிஞ்சும், எதிர்ல இருக்கறவர் சொன்னதை நம்பி எழுந்து போனீங்க. எங்க ஆளுங்க முக்கால்வாசிப் பேர் 'எனக்கு நல்லாத்தான் தெரியுது'ன்னு போனை வச்சிடுவாங்க. அறிக்கையில இதை அப்படியே எழுதறேன். மாமனார்கிட்ட சொல்லுங்க, பல் டாக்டர் தன் வாயில பஞ்சு வச்சுக்க மாட்டார்."

வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரம் என்று தகவல் வந்தது. அண்ணி வாஷிங் மெஷினில் சாய்ந்துகொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டார். அப்பாவும் தன் அறைக்குள் போய்விட்டார். சரிதான், பழைய குருடி கதவைத் திறடி, இனி மறுபடியும் மேற்படி காபிதான் என்று நான் அலுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அண்ணி ரிமோட்டில் நுழையப் போகும் நேரம், அப்பாவின் அறையிலிருந்து குரல் வந்தது. போனில் அல்ல, நோட்பேடில் அல்ல, வாயால்தான்.

"ஏம்மா, திரை மறுபடியும் கவிழ்ந்துக்கிச்சு. கொஞ்சம் வந்து பாரேன்."

அண்ணி எழுந்து போனார். நான் எட்டிப் பார்த்தேன். திரை தலைகீழாகத்தான் நின்றது. அண்ணிக்கு அப்பா தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை முன்னதாகவே போட்டு வைத்திருந்தார். அவருடைய இடது கை விரல் இரண்டு இன்னும் கன்ட்ரோலிலும் ஆல்ட்டிலும் இருந்தன, வலது கை விரல் ஒன்று கீழ் அம்பின்மேல் இருந்தது.

அண்ணி அந்த விரல்களைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.