என் கடலில் மேய்ந்த ஆடுகள்

எங்கள் வீட்டு முன்னறைக் கண்ணாடி அலமாரியில் ஏழு கடல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பெரிய முறத்தின் அளவு. ஒவ்வொன்றின் மேலும் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கடல் விமானம் ஒன்று நிற்கும். மேலே பார்த்தால் விமானம், கீழே பார்த்தால் வள்ளம். தண்ணீரிலிருந்தே கிளம்பும், தண்ணீரிலேயே இறங்கும். எல்லாவற்றையும் ஒட்டி, வர்ணம் பூசி, கடலும் உண்டாக்கியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டுக்கு வருகிறவர்கள் என் கணவரைப் பார்த்துத்தான் "நீங்க செய்ததா?" என்று கேட்கிறார்கள். அந்த மனிதரும் இல்லை என்று சொல்வதில்லை. தலையை ஒரு மாதிரியாக ஆட்டிவைப்பார்.

வளைகுடாவில் நர்ஸாக இருந்தபோது அண்ணன் மகனுக்கென்று ஒரு விமானம் வாங்கினேன். பெட்டியின் மேல் படம் அவ்வளவு அழகு. அறைக்கு வந்து திறந்தால் உள்ளே விமானம் இல்லை, சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் எலும்புகள். ஏமாற்றிவிட்டான் பாவி என்று கடைக்குத் திரும்பிப் போய்ச் சண்டை போட்டேன். நீங்கள்தான் ஒட்ட வேண்டும் என்றான் கடைக்காரன். "பின்ன நீ எதுக்குடே கடை வச்சிருக்க?" என்று நல்ல தமிழில் கேட்டுவிட்டு வந்தேன். வீம்புக்கு உட்கார்ந்து ஒட்ட ஆரம்பித்தேன். ஒட்டி முடிந்தபோது யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. அண்ணன் மகனுக்கு ஒரு டப்பா சாக்லேட் போயிற்று.

வேலையை விட்டுவிட்டுக் குழித்துறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கடல் செய்யப் பழகினேன். வருகிறவர்கள் பார்ப்பார்கள். "லைட் எரியுமா?" என்பார்கள். "சாவி குடுத்தா ஓடுமா?" என்பார்கள். என் கணவரின் அக்கா ஒருமுறை நிதானமாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த அலமாரியில நல்ல பாத்திரம் அடுக்கலாமே" என்றார். அவர் போனதும் அலமாரிக்கு ஒரு பூட்டு வாங்கினேன். இது எதற்கான விமானம், என்ன வேலை செய்தது என்று கேட்க இந்தக் குழித்துறையில் ஒரு மனிதப்பிறவி இல்லையா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

இருப்பதிலேயே பெரியது கேட்டலினா. போரில் அது குண்டும் போட்டது, கடலில் விழுந்தவர்களைத் தேடித் தூக்கவும் செய்தது. எனக்கு அந்த இரண்டாவது வேலைதான் பிடிக்கும். நர்ஸ் புத்தி. கப்பல் மூழ்கித் தத்தளிப்பவர்களை விமானத்துக்காரர்கள் ரப்பர் தோணியில் ஏற்றுவதுபோல் செய்தேன். டிஷ்யூ பேப்பரைப் பசையில் நனைத்து அலைத்திரைகளாகச் சுருட்டி, மேலே தண்ணீர்போலத் தெளிந்து இறுகும் ரெசின் ஊற்ற வேண்டும். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் அது உறைவேனா என்றது. உறைந்த அன்று பார்த்தால் நடுக்கடலில் ஒரு கொசு. அந்த விமானத்தின் அளவுக்கு அது ஒரு காக்கை. ஊசியால் தோண்டி எடுத்து, மறுபடி ஊற்றி, இனி யார் விரலும் இதில் படக்கூடாது என்று வீட்டில் அறிவித்தேன். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர், ஆகவே அறிவிப்பு யாருக்கு என்பது அவருக்குத் தெரியும்.

பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவருக்கு வருடத்தில் ஒரே வேலை, கிறிஸ்மஸுக்கு இயேசு பிறந்த குடிலாகப் புல்கூடு கட்டுவது. எங்கள் பக்கத்துப் புல்கூடு வெறும் மாட்டுக்கொட்டில் அல்ல. மலை, அருவி, பாலம், ரயில் என்று பெத்லகேமில் இல்லாததெல்லாம் அதில் இருக்கும். எங்கள் கோயில் பங்கில் அதற்குப் போட்டி உண்டு. எதிர்வீட்டுக்காரர் மோட்டார் வைத்து அருவி விடுவார், முதல் பரிசு வாங்குவார். என் கணவரின் குளம் ஓர் உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி. வருடம் தவறாமல் இரண்டாம் பரிசு.

"ஏட்டி, அந்தக் கடலை ஒரு வாரத்துக்குத் தா" என்றார்.

"கைய வச்சா ஒடிச்சிருவேன். பெத்லகேமில ஏது கடல்?"

"போன வருசம் நான் பஸ் ஸ்டாண்டு வச்சேனே, யாராவது கேட்டாவளா?"

கிறிஸ்மஸ் அன்று மாலை இரணியலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். பூட்டின் சாவி என் பையில்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் ரயிலில் திரும்பி வந்தால், இவர் தேய்த்த வேட்டி கட்டி, தலைவாரி, வாசலில் நிற்கிறார். பையை வாசலிலேயே போட்டேன். உள்ளே போனேன். அலமாரிக் கதவு கீல்களோடு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. புல்கூட்டின் நடுவில் என் கடல். திரைகளின் மேல் ஐந்து ஆடுகள் நின்று மேய்ந்தன. கேட்டலினாவின் இறக்கையில் வைக்கோல், வைக்கோலில் குழந்தை இயேசு. பக்கத்தில் சூசையப்பர். அந்த விமானத்தின் அளவுக்கு அவர் முப்பதடி உயரம்.

"யாரைக் கேட்டு வச்சிய?"

"நீ ஊர்ல இல்லியே, யாரைக் கேக்க?"

"போன் இல்லியா?"

"கேட்டா தரமாட்டேன்னு சொல்லுவ. அதான் கேக்கல."

முதல் ஆட்டைப் பிடுங்கினேன். அதற்குள் வாசலில் ஆள் வந்தாயிற்று. பங்குச் சாமியார், மார்க் போட உபதேசியார், கூடவே கான்வென்ட்டிலிருந்து ஒரு சிஸ்டர். ஆட்டைக் கையில் ஒளித்துக்கொண்டு நான் சிரித்தேன்.

"கொள்ளாமே!" என்று மெச்சினார் சாமியார். "அந்த பிளெயின் எதுக்கு?"

என் கணவருக்கு வியர்த்தது. "அது… குழந்தையைத் தூக்கிட்டு எகிப்துக்குத் தப்பிப் போறதுக்கு ஃபாதர்."

"கழுதையிலல்லவா போனாங்க?"

"கழுதைக்குக் கால் ஒடிஞ்சு போச்சு ஃபாதர்." உண்மைதான். புல்கூட்டின் பின்னால் கழுதைப் பொம்மை மூன்று காலோடு சுவரில் சாய்ந்து நின்றது.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "பொய் ஃபாதர். இது புல்கூடே இல்ல. இது எனக்க கேட்டலினா!"

என் கணவரின் முகம் செத்துப்போயிற்று. உபதேசியார் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி, "அப்ப மார்க் போடணுமா, வேண்டாமா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அந்த சிஸ்டர் மட்டும் முழங்காலில் முட்டுகுத்தி உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது தண்ணியிலயே இறங்குமா?" என்று கேட்டார்.

"இறங்கும் சிஸ்டர்."

"திரை அடிச்சாலும்?"

"பெருந்திரைன்னா கஷ்டம்தான். கொஞ்சம் அடங்கினா இறங்கும். இறங்கி ஆளைத் தூக்கும்."

எத்தனை வருடமாகக் காத்திருந்த கேள்வி! இறக்கை நீளம், எஞ்சின், வயிற்றின் வளைவு என்று எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் எழும்பவில்லை.

"எனக்கு ஊர் தேங்காய்ப்பட்டணம்" என்றார். "எங்க அண்ணன் புயல்ல மாட்டினப்ப நாங்க எல்லாரும் கரையில நின்னு மானத்தையே பாத்துட்டு நின்னோம். ஏதாவது வரும் வரும்னு. வள்ளம் கிடைச்சுது. அண்ணன் கிடைக்கல."

சிஸ்டர் கடலின் ஒரு மூலையைத் தொடாமல் சுட்டிக்காட்டினார். அங்கே தோணிக்குத் தூரத்தில் ஓர் ஆள் கையைத் தூக்கியபடி தண்ணீரில் கிடந்தார். அந்த மூலை வெறுமையாகத் தெரிந்ததால், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் போட்ட ஆள்.

"இவரையும் ஏத்திருவாங்க, இல்லியா?"

"ஏத்திருவாங்க சிஸ்டர்" என்றேன்.

சாயங்காலம் கோயில் மைக்கில் பரிசு சொன்னார்கள். புல்கூடே இல்லை என்று நான் அலறிய பிறகும் எங்களுக்கு இரண்டாம் பரிசு. எதிர்வீட்டில் வெடி போட்டார்கள். இவர் அதைக்கூடக் காதில் வாங்காமல் ஆடுகளைப் பெட்டியில் அடுக்கினார்.

மறுநாள் காலையில் நான் ஆக்சா பிளேடை எடுத்து என் கடலை அறுக்க ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு இவர் ஓடி வந்தார்.

"அஞ்சு ஆட்டை வச்சதுக்கு என்னைக் கொல்ல வந்தியே! இப்ப நீயே உடைக்கியா?"

"அந்த ஆளை ஏத்தணும்."

இவர் எதிரில் உட்கார்ந்தார். கடல் ஆடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரெசின் வெடித்து ஆள் வெளியே வந்தார். இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் கிடையாது. தண்ணீருக்குள் இருப்பவர்களை இடுப்போடு வெட்டித்தான் ஒட்டுவது வழக்கம். தோணியில் மற்ற இருவரையும் நெருக்கி, இந்த ஆளைச் சாய்த்து உட்காரவைத்தேன். கால் இல்லாதது தெரியாமலிருக்க டிஷ்யூ பேப்பரில் ஒரு போர்வை வெட்டி இடுப்பு வரை மூடினேன்.

பொம்மை பொம்மை என்று இத்தனை வருடம் சொன்ன மனிதர் குனிந்து பார்த்தார்.

"கழுத்து வரைக்கும் மூடு, ஏட்டி. எவ்வளவு நேரம் தண்ணியில கெடந்தானோ."