இடப்பக்கம் சரிந்த வளையம்

போன சனிக்கிழமை முருங்கைக்காய் வாங்கப் போன கடையில் ஒரு பெட்டியை உடைத்தார்கள். பாரிசில், ரூ து ஃபொபூர் சேன்-தெனித் தெருவின் மேல்முனையில், மெட்ரோப் பாலத்துக்குக் கிட்ட இருக்கிற கடை. பெட்டிக்குள் கொழும்பிலிருந்து வந்த ரப்பர் செருப்புகள், சோடி சோடியாக. கறிவேப்பிலை, கருவாடு, ஊதுபத்தி எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு புது ரப்பர் மணம் மேலே வந்தது. முருங்கைக்காயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன்.

"என்ன அண்ணை, செருப்பு வேணுமோ, இல்லாட்டி மணக்க மட்டுமோ?" என்றாள் காசு வாங்குகிற பிள்ளை.

மணக்க மட்டும்தான். அந்த மணம் எனக்குச் செருப்பின் மணமல்ல, ஜூட் அண்ணை ஓட்டிய சாமான் வானின் பின்பக்கத்து மணம். அரிசி மூட்டைகளுக்கு இடையில் ஒரு வலைப்பையில் அவர் எப்போதும் இரண்டு கூடைப்பந்துகள் வைத்திருப்பார். பிறேக் போட்டால் அவை உருண்டு வந்து முதுகில் இடிக்கும்.

நான் பாரிசுக்கு வந்தது 2009இன் தொடக்கத்தில். அதற்கு முன் வன்னி, கொழும்பு, மொஸ்கோ, பெயரை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு ஜெர்மன் ஊர். ஓரிடத்தில் இருப்பு வராத பிறவி. படிப்பும் அப்படித்தான். கேட்டால் ஒன்பதாம் வகுப்பு என்பேன். ஆனால் எந்த வகுப்பையும் தொடங்கின பள்ளிக்கூடத்தில் நான் முடித்ததில்லை. லா கூர்னெவில் ஒரு சாமான் கிடங்கில் வேலை கிடைத்தது. படுக்கை, ஆள் மாறி ஆள் படுக்கிற அறையில். நான் போய்ச் சரியும்போது மெத்தையில் முந்தினவரின் சூடு இருக்கும். குளிர்காலத்தில் அதுவும் ஒரு வசதிதான். ஜூட் அண்ணை அந்தக் கிடங்கின் வான் சாரதி. மூட்டை ஏற்றி இறக்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார்.

அவருக்கு ஒரே ஒரு பேச்சு, அவருடைய கல்லூரியின் கூடைப்பந்து அணி. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தைத்தான் கல்லூரி என்போம். கல்லூரியின் பெயரை நான் எழுதமாட்டேன். எழுதினால் மற்றக் கல்லூரிக்காரர் இருக்கிற கடை எதிலும் எனக்குத் தேத்தண்ணி கிடைக்காது. ஜூட் அண்ணையின் கல்லூரி பச்சைச் சட்டை, எதிரிக் கல்லூரி ஊதாச் சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடையில் வேலை செய்த குகன் அண்ணை ஊதா. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரூ பெர்தொனேயில் மலர் அக்காவின் தேத்தண்ணிக் கடையில் எதிரெதிரே இருப்பார்கள். வாரக்கணக்காக ஒரே வழக்கு: எந்த அணி உண்மையிலேயே பெரிய அணி?

"கப் எண்ணிப் பார் மச்சான்" என்று குகன் அண்ணை தொடங்குவார்.

"கப் கடையிலையும் விக்கிறாங்கள். தகப்பனும் மகனும் ஒரே சட்டை போட்ட ரீம் எங்கடை. அதைச் சொல்லு."

"கொழும்புக்குப் போய், அவங்கடை கோர்ட்டிலை, அவங்கடை நடுவரோடை விளையாடி வெண்டனீங்களோ?"

"ரயில் ஓடாத காலத்திலை என்னெண்டு போறது?"

"நாங்கள் போனனாங்கள்."

"ரயில் ஓடேக்கை போனனீங்கள்!"

மலர் அக்கா கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு பேரும் இப்ப படியேற முழங்காலைப் பிடிக்கிறியள். எழும்புங்கோ, எனக்கு மேசை வேணும்" என்பார். ஒருமுறை சென்னையிலிருந்து வந்து கணினி வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பக்கத்து மேசையிலிருந்து, "சாரி சார், இது காலேஜா, ஸ்கூலா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். பச்சையும் ஊதாவும் ஒரே அணியில் விளையாடியதை நான் கண்டது அன்றைக்குத்தான். பாவம், அவர் சுடச்சுட வாங்கிய வடையைப் பையில் கட்டிக்கொண்டு போனார்.

கடைசியில் வழக்கு எப்போதும் ஒரு பழைய இறுதியாட்டத்தில் வந்து நிற்கும். சண்டைக் காலம். ஊதாக்காரரின் மைதானத்தில் பச்சை தோற்றது. ஜூட் அண்ணைக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது. பச்சைக் கல்லூரி மைதானத்தின் வளையங்களில் ஒன்று ஷெல் அதிர்ச்சியில் சரிந்துவிட்டதாம். திருத்த இரும்பும் இல்லை, ஆளும் இல்லை. மாதக்கணக்காகச் சரிந்த வளையத்தில் பழகிய கைகள், இறுதியாட்டத்தில் நேர் வளையத்தைக் கண்டதும் தடுமாறிவிட்டன. "ஷெல் விழாட்டி நாங்கள்தான்ரா" என்று சொல்லி மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார். குகன் அண்ணை அந்த இடத்தில் மட்டும் தேத்தண்ணியை ஊதுவார்.

2009 கோடையில் யாரும் பந்தைத் தொடவில்லை. மே மாதத்தில் வன்னியில் எல்லாம் முடிந்த பிறகு, எங்கள் கடைத்தெருவான லா சப்பலில் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்டது, "உங்கடை ஆக்கள்?" என்றுதான். பழைய மாணவர் சங்கங்களின் வருடாந்தப் போட்டி அந்த வருடம் நடக்கவில்லை.

அடுத்த கோடையில் மறுபடி நடத்துவது என்று முடிவானபோது பச்சையில் ஜூட் அண்ணையோடு சேர்த்து நாலு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் லண்டனுக்குப் போய்விட்டார், ஒருவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை, இன்னொருவர் பந்தைப் பார்க்கவே விருப்பமில்லை என்று கதவைச் சாத்திவிட்டார். ஐந்து பேர் இறங்காத கல்லூரியின் பெயர் அட்டவணையிலிருந்து போய்விடும், அந்த இடத்துக்கு ஊர்க் கழகங்கள் காத்துக்கொண்டு நின்றன. வெளி ஆளைச் சேர்க்க முடியாது. அந்தக் கல்லூரியின் பழைய மாணவனாக இருக்கவேண்டும்.

"நான் இருக்கேக்கை பேர் போச்சுது எண்டு வரப்படாது" என்று வானை ஓட்டிக்கொண்டே சொன்னார். அன்றைக்கு அவர் ஒரு சிவப்பு விளக்கையும் கவனிக்கவில்லை.

பிறகு, தோய்த்து மடித்த சட்டைகளைப் பின்பக்கத்திலிருந்து எடுத்து எண்ணினார். ஒன்று கூடுதலாக இருந்தது. அந்த மிச்சச் சட்டையை என் மடியில் போட்டார். நெஞ்சில் கல்லூரிச் சின்னம்: ஒரு படகு, அதன் மேல் ஒரு விளக்கு. படகில் மூன்று துடுப்பு, ஒரு பக்கத்தில் மட்டும்.

"அண்ணை, இந்தப் படம் எங்கடை தலைமாட்டிலை இருந்தது."

"எங்கை?"

"முகாமிலை."

சண்டையில் எங்கள் சின்னத் தீவை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்தினார்கள். வகுப்பறையைச் சேலைகளால் பிரித்துக் குடும்பம் குடும்பமாக இருந்தோம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் இருந்திருக்கும். காதில் விழுந்தும் இருக்கும். எங்களுக்கு அது முகாம், அவ்வளவுதான். படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்தால் அந்த ஒருபக்கத் துடுப்புப் படகு. இது சுற்றிச் சுற்றித்தானே ஓடும் என்று நான் யோசித்துக்கொண்டு கிடப்பேன்.

ஜூட் அண்ணை வானை ஓரங்கட்டினார். "அப்ப நீ எங்கடை ஆள்!"

"நான் அங்கை படிக்கேல்லை அண்ணை. இருந்தனான்."

"நீ வாயை மூடிக்கொண்டு வா."

நேரே மலர் அக்கா கடைக்கு. போட்டிக் குழுவில் ஆட்களைச் சரிபார்க்கிற பொறுப்பு அந்த வருடம் குகன் அண்ணையிடம் இருந்தது. எங்கள் ஆட்களிடம் பழைய மாணவன் என்று காட்டக் கடதாசி இருப்பதில்லை. கடதாசியை நம்புகிறவர்களும் இல்லை. வாயால் சோதிப்பார்கள். குகன் அண்ணை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கல்லூரிக் கீதம் பாடு பாப்பம்."

தெரியாது.

"கணக்கு வாத்தியாருக்குப் பட்டம் என்ன?"

தெரியாது.

"ஜூட், உவனை எங்கை பிடிச்சனீ? இவனுக்குக் கணக்கு வாத்தியாரையே தெரியாது, எனக்குத் தெரியும்!"

"அவன் அங்கை அகதியா இருந்தவன்ரா. நாங்கள் விளையாடின கோர்ட்டிலை இவன் படுத்து எழும்பினவன்."

"அப்ப ஒரு அடையாளம் சொல்லட்டும்."

எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. "பனைப் பக்கத்து வளையம் இடப்பக்கம் சரிஞ்சிருக்கும்."

"அது ஊருக்கே தெரியும். ஷெல் அதிர்ச்சி" என்றார் குகன் அண்ணை.

"ஷெல் இல்லை அண்ணை. அம்மா."

விளக்க வேண்டியிருந்தது. முகாமில் அத்தனை குடும்பத்துக்கும் உடுப்புக் காயப்போட இடமில்லை. அம்மா மேசைக்கு மேல் மேசை வைத்து ஏறி, அந்த வளையத்தின் இடப்பக்கத்தில் கயிற்றைக் கட்டி, மற்ற முனையைப் பனையில் கட்டினாள். மாரிக்கு முன் எல்லோருடைய போர்வையும் தோய்த்து ஈரத்தோடு அதில் தொங்கின. ஒருநாள் அந்தப் பாரத்தில் வளையம் மெதுவாக, கொட்டாவி விடுகிற மாதிரிச் சரிந்தது. பின்னேரங்களில் கல்லூரி அண்ணாமார் வந்து, "அம்மா, கொடியை அவிழ்க்கலாமோ?" என்று கேட்டுத்தான் விளையாடுவார்கள். அவர்கள் போன பிறகு நாங்கள், முகாம் பிள்ளைகள், காற்றுப்போன பந்தொன்றை எறிவோம்.

ஜூட் அண்ணை கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "கொடி கட்டின மனுசி… உன்ரை அம்மாவோ? நான் கேட்டிருக்கிறனடா, கொடியை அவிழ்க்கலாமோ எண்டு! ஷெல் எண்டு இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனே!"

மலர் அக்கா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த தட்டத்தைக் கீழே வைத்தார். "ஐயோ, பெரிய ரீம்! உவன்ரை அம்மா போர்வை காயப்போட்டுக் கவுத்துப்போட்டா!"

குகன் அண்ணை சிரிக்கவில்லை. தேத்தண்ணியை ஊதினார். ஊதாக்காரர் வேறு சிலர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு சொல் சொன்னால் பச்சையின் பெயர் அன்றோடு போயிருக்கும்.

"விளையாடட்டும்" என்றார் கடைசியில். "உங்கடை பேர் இல்லாட்டி, நாங்கள் ஆரை வெண்டனாங்கள் எண்டு சொல்லுறது?"

போட்டி நாள், லா கூர்னெவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே திறந்த மைதானம். தைல மணம், பொரித்த ரோல்ஸ் மணம், ஒலிபெருக்கியில் யாரோ வாகன இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பச்சைச் சட்டை எனக்குத் தோளில் இறுக்கம். முதல் ஆட்டமே ஊதாவோடு. மற்ற நாலு பேரின் வயிறும் சட்டையை மீறி நின்றன. என்னுடையது அப்போது ஒட்டிக்கிடந்தது. அதனால் ஓடுவது என் வேலை.

ஊதாவின் ஆள் ஒருவர் என்னைத் தள்ளிவிட்டதற்கு, தடுக்க ஆளில்லாமல் எறிகிற தனியெறி இரண்டு கிடைத்தது. கோட்டில் நின்றேன். ஊதா ஆதரவாளர்கள் பக்கத்தில், "அகதியைப் பிடிச்சு இறக்கிப்போட்டு மாணவனாம்" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். பந்தை எறிந்தேன். வளையத்தின் வலப்பக்க விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. மறுபடி எறிந்தேன். மறுபடி வலப்பக்கம், அதே இடத்தில்.

கூட்டம் சிரித்தது. பிறகு ஜூட் அண்ணை எறிந்தார். வலப்பக்கம். பச்சையின் இன்னொருவர் எறிந்தார். அவரும் வலப்பக்கம். இடப்பக்கம் தாழ்ந்த வளையத்தில் பந்தை வலது உயர்விளிம்பில் தட்டினால்தான் உள்ளே உருளும். இத்தனை வருடமும் இத்தனை நாடும் தாண்டி, நாங்கள் எல்லோரும் அந்த வளையத்துக்கே எறிந்துகொண்டிருந்தோம்.

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஜூட் அண்ணை நடுமைதானத்தில் நின்று, என்னைக் காட்டிக் கத்தினார். "இப்ப பாத்தியளோ? இவன் எங்கடை ஆள் இல்லையெண்டு எவன் சொன்னது? எங்கடை கோர்ட்டிலை பழகாதவன் இப்பிடித் தவறவிடுவானோ?"

அதற்குப் பிறகு ஊதா பக்கத்திலிருந்து அந்த மனிதரின் குரல் கேட்கவில்லை. ஊதாச் சட்டையில் குகன் அண்ணை என்னைக் கடந்து ஓடும்போது, "தம்பி, இஞ்சை வளையம் நேர்" என்று மெல்லச் சொன்னார்.

தோற்றோம். நன்றாகத் தோற்றோம். ஆனால் பெயர் அட்டவணையில் நின்றது. அன்று பின்னேரம் அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, வளையம் சரிந்ததால் ஒரு கல்லூரியே இறுதியாட்டத்தில் தோற்ற கதையைச் சொன்னேன். "பின்னை, ஈரப் போர்வையை நிலத்திலையோ போடுறது?" என்றாள்.

எந்த அணி பெரிய அணி என்று இப்போது கேட்டால், கப் எண்ணத் தெரியாத எனக்கு ஒரு பதில்தான். ஒரே மாதிரித் தவறவிடத் தெரிந்தவர்களின் அணி. அது இல்லாமற்போனால் எதிரிக்கும் எதையோ இழந்ததாகத் தெரிகிற அணி. குகன் அண்ணை இதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

சில கோடைகளுக்குப் பிறகு போட்டி நின்றுபோனது. யாரும் நிறுத்தவில்லை. முழங்கால்கள் நின்றன. பிள்ளைகள் அந்தந்த நகரக் கழகங்களில் விளையாடுகிறார்கள், பிரெஞ்சில் பந்து கேட்கிறார்கள். மலர் அக்காவின் கடை இருந்த இடத்தில் தொலைபேசி உறை விற்கிறார்கள். அம்மா இல்லை. ஜூட் அண்ணை பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்ததும் பிள்ளைகளின் இங்கிலிசுக்காக லண்டன் போனார். போன வருடம் ஊருக்குப் போய், கல்லூரி மைதானத்தில் நின்று எனக்குக் குரற்செய்தி அனுப்பினார். பின்னால் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, புது வளையம் போட்டிட்டாங்கள். கண்ணாடிப் பலகை, வடிவாய்த்தான் கிடக்கு. பெடியள் எல்லாரும் நேராப் போடுறாங்களடா." ஒரு பந்து வலைக்குள் விழுந்த சத்தம். "பாத்தால், ஆர் எங்கடை ஆள் எண்டே தெரியேல்லை."

முருங்கைக்காய்க்குக் காசு கொடுத்தேன். வெளியே வந்து, பற்றுச்சீட்டைக் கசக்கி, கடை வாசலில் நின்ற குப்பைத்தொட்டிக்கு எறிந்தேன். வலப்பக்கம் விழுந்தது. குனிந்து எடுத்துத் தொட்டிக்குள் போட்டேன். பின்னால் சனம் வந்துகொண்டிருந்தது. நான் எந்தக் கல்லூரி என்று ஒருவரும் கேட்கவில்லை.