எடைக்கு முன்னால் போன பூ

நானும் ஒரு காலத்தில் அரசு நிதியில் ஆராய்ச்சி செய்தவன். என்ன கண்டுபிடித்தாய் என்று கேட்டால், மல்லிகைச் செடிக்குச் சத்து கொடுத்தால் பூ குறையும் என்று கண்டுபிடித்தேன். ஒரு பனிக்காலம் முழுக்கக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, டிஜிட்டல் தராசை வைத்து அதை நிரூபிக்கவும் செய்தேன். உலகத்தில் வேறு யாரும் இதைக் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. இனியும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

தாவரவியலில் முதுகலை முடித்துவிட்டு, திருக்கோகர்ணத்து வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்திருந்த நாட்கள் அவை. எனக்குப் பாடம் நடத்திய பேராசிரியை ஒருவர், நாங்கள் மேடம் என்போம், பூ விவசாயத்துக்கான அரசு ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பித்திருந்தார். மார்கழி, தை மாதங்களில் மல்லிகை காய்ந்துபோகும், விலை மட்டும் பூத்துக் குலுங்கும். அந்தக் குளிரிலும் செடியைப் பூக்கவைக்க முடியுமா என்பதுதான் ஆராய்ச்சி. புரட்டாசியிலேயே எல்லாச் செடியையும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு மட்டும் ஒரு சத்துக் கரைசலை இலைமேல் தெளிக்க வேண்டும். தெளித்த வரிசையில் பூ கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிதி கிடைத்தது. தெளிக்க ஆள் வேண்டியிருந்தது. மேடத்துக்கு என் ஞாபகம் வந்தது. நான் நன்றாகப் படித்ததால் இல்லை, மத்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டதால்.

பதவியின் பெயர் திட்ட உதவியாளர். அம்மா அதைத் தெருவில் 'பூ விஞ்ஞானி' என்று மொழிபெயர்த்துவிட்டாள். அதை நம்பி இரண்டொரு ஜாதகங்கள்கூட வீட்டுக்கு வந்தன. ஆனால் வேலையோ நூலில் தொங்கியது. பனிக்காலம் முடியும் நேரத்தில் நிதி கொடுத்தவர்கள் சார்பில் ஒரு குழு வந்து பார்க்கும். திருப்தி என்றால் அடுத்த தவணை வரும். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். நான் மறுபடி ஃபேனுக்கு அடியில். ஜாதகங்கள் வந்த வழியே திரும்பும்.

ஆராய்ச்சிக்குக் கிடைத்த தோட்டம் அரிமளத்துக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டியே இருந்தது. அதை வைத்திருந்த அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். குரல் மட்டும் பஸ் ஹாரனைவிடக் கூட. முதல் நாளே ஆராய்ச்சியைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டார். கரைசல் தெளித்தது 'மருந்து வரிசை'. தெளிக்காதது 'சும்மா வரிசை'. மருந்து வரிசையின் அரும்பு சிவப்புக் கூடைக்கு, சும்மா வரிசையின் அரும்பு நீலக் கூடைக்கு. நான் வந்து இரண்டையும் எடை போட்டுக் கணினியில் ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் என் விஞ்ஞானம்.

அரும்பை வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். நானும் அப்போதே வந்துவிட வேண்டும் என்றுதான் மேடம் சொல்லியிருந்தார். குளிரில் என் பைக்கும் கிளம்பாது, நானும் கிளம்பமாட்டேன். இரண்டு பேரையும் உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். நான் போய்ச் சேரும்போது பறித்து முடித்துக் கூடைகள் கொட்டகையில் காத்திருக்கும்.

"வாங்க ஆபீசர் தம்பி. சூரியன் வந்துட்டாரு, நீங்களும் வந்துட்டீங்க. யாரு முந்தின்னு பாக்குறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு."

"பனிக்கா, ரோடே தெரியல."

"பறிக்கிற எங்களுக்குச் செடி தெரியுதே தம்பி?"

அந்தக் கொட்டகையின் டீ வாசமும் அரும்பு வாசமும் கலந்த அந்தக் காலையை இப்போது நினைத்தாலும் மூக்கு ஒருமுறை இழுத்துப் பார்க்கிறது. சம்பளம் கொடுத்து என்னை அங்கே உட்காரவைத்த அரசாங்கத்தின் மேல் எனக்குத் தனிப்பிரியம் உண்டு.

பிரச்சினை தராசில்தான் தொடங்கியது. சிவப்புக் கூடை நீலத்தைவிட எடை குறைவாக இருந்தது. முதல் வாரம் மேடம் கவலைப்படவில்லை. இரண்டாம் வாரம் மண்ணைச் சோதித்தார். அப்புறம் கரைசலை, தெளிப்பானை, தராசை. கடைசியில் சோதிக்க மிச்சம் இருந்தது நான்தான்.

"நெஜமாவே தெளிச்சியா நீ?"

"தெளிச்சேன் மேடம்."

"செடி மேலயா, ஒன் சட்டை மேலயா?"

சட்டை மேலும் கொஞ்சம் பட்டிருந்தது உண்மை. ஆனால் மருந்து வரிசையைப் பார்த்தால் இலை கரும்பச்சையாக, கணுவுக்குக் கணு அரும்பாக நிற்கும். கண் ஒன்று சொல்லும், தராசு வேறொன்று சொல்லும். நான் படித்தவன் இல்லையா? அதனால் தராசைத்தான் நம்பினேன்.

பனிக்காலம் முடியப்போகும் நேரத்தில் குழு வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், சென்னையிலிருந்து வந்தவர். தலையில் ஒரு முடிகூட இல்லை. முகத்தில் சிரிப்பும் இல்லை. கூட ஓர் அதிகாரி. அவர்கள் முன்னால் காட்டுவதற்காக அன்றைக்குக் கூடைகளை எடை போடாமல் வைத்திருந்தோம். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் எண்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அம்மா, இதன்படி விவசாயி காசு கொடுத்து வாங்கித் தெளிச்சு, பூவைக் குறைச்சுக்கணும். சரியா?"

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன், இறந்த வீட்டில் நிற்பவனைப் போல.

தலைவர் எழுந்து வரிசைகளுக்குள் நடந்தார். மருந்து வரிசைக்கு முன்னால் நின்றார். குனிந்து ஒரு கிளையைத் திருப்பிப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். திரும்பச் செடியைப் பார்த்தார். "செடி பொய் சொல்லாதே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி கொட்டகைக்குத் திரும்பிவிட்டார். டீ குடித்தார், கூடைகளை எடை போடச் சொல்லவே இல்லை. கிளம்புவதற்கு எழுந்தார். என் வேலையும் அவர் கூடவே எழுந்து கிளம்புவது எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அக்கா ஒரு வாழை இலைத் துண்டோடு வந்து, சிவப்புக் கூடைக்குள் இரண்டு கையையும் விட்டு, அள்ளிப் பொட்டலம் கட்டினார்.

"வெறுங்கையோடவா போவீங்க? வீட்டம்மாவுக்குக் குடுங்கய்யா. ஒங்களுக்குன்னா வைக்க எடமில்ல."

அதிகாரி சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைவர் தன் தலையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூடையைப் பார்த்தார்.

"இது இன்னும் எடை போடலையே?"

"இல்லைங்க."

"ஏன் இந்தக் கூடையிலேருந்து எடுத்தீங்க? அதுலேயும் பூ இருக்கே?"

"இதுதாங்கய்யா திரட்சியான பூவு. வாசலுக்கு வந்தவுகளுக்குச் சும்மா வரிசைப் பூவையா குடுக்கிறது? நல்லாவா இருக்கும்?"

"தினமும் இப்படிக் கொடுப்பீங்களா?"

"பின்ன? மொதல்ல சாமிக்கு. அப்புறம் மொத பஸ்ஸு டிரைவரு நிப்பாட்டுவாரு, முன் கண்ணாடி சாமி படத்துக்கு. பஸ்ஸுக்கு நிக்கிற டீச்சரம்மாவுக்கு. பறிக்கிற பிள்ளைக ஆளுக்கு ஒரு கை. யாராச்சும் சீர் செனத்திக்குப் போனா அவுகளுக்கு." என்னைக் காட்டினார். "தம்பி வீட்டு அம்மாவுக்குத் தெனம் ஒரு பொட்டலம்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பனிக்காலத்தில் மொத்தமே கொஞ்சம்தான் பூக்கும். அந்தக் கொஞ்சத்திலும் நல்லதாகப் பார்த்துக் கை கையாகப் போனால் தராசுக்கு எது வரும்? கரைசல் எவ்வளவு நன்றாக வேலை செய்ததோ, அவ்வளவுக்கு அந்தக் கூடை காலியானது. எங்கள் ஆராய்ச்சியின் வெற்றியைச் சாமி சாத்திக்கொண்டார். பஸ் ஏற்றிக்கொண்டு போனது. மிச்சத்தை என் அம்மா தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளை விஞ்ஞானி என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

"நீ ஏம்ப்பா சொல்லல?" மேடத்தின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"நீலக் கூடையிலேருந்து குடுக்கிறாங்கன்னு நெனச்சேன் மேடம்." உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. பொட்டலம் வந்தது, வாங்கிக்கொண்டேன்.

தலைவர் மறுபடி உட்கார்ந்தார். "இந்த எண்ணை வச்சு நீட்டிப்புக்கு நான் எழுத முடியாது. அந்தச் செடியைப் பாத்துட்டு வேண்டாம்னு எழுதவும் முடியாது. இன்னும் ஒரு பனிக்காலம் கேட்டுப் பாக்கலாம். ஆனா எடை போடறதுக்கு முன்னாடி ஒரு பூ வெளியே போகக் கூடாது."

"அது ஆகாதுங்கய்யா" என்றார் அக்கா, யோசிக்காமல். "பஸ்ஸ நிப்பாட்டிட்டு மனுசன் கை நீட்டுவாரு. ஆபீசர் தம்பி வரட்டும், பொறுங்கன்னு சொல்ல முடியுமா? அவரு வாரதுக்குள்ள பஸ்ஸு போய்த் திரும்பி வந்துரும்."

மேடம் அக்காவைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தார். அக்கா கொட்டகைத் தூணைப் பார்த்தார். ஆராய்ச்சிக்காகத் தோட்டத்தை விட்டுக்கொடுத்தவர், வாசலுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பத் தயாராக இல்லை. நடுவில் நின்றது என் பிழைப்பு.

"நான் பறிக்கிறதுக்கு முன்னாடியே வந்துடறேன்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை நம்ப எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. "குடுக்கிற பூவையும் எடை போட்டுட்டே குடுப்போம்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்திரிப்பீங்களா?"

"எந்திரிப்பேன்."

"பாப்போம்."

தலைவர் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். "மொதல்ல இதை எடை போடு." போட்டேன். அதன் பிறகுதான் காரில் ஏறினார். வீட்டம்மா வைத்துக்கொண்டாரா என்று தெரியாது. நீட்டிப்பு வந்தது.

அடுத்த புரட்டாசியில் மறுபடி கவாத்து, மறுபடி கரைசல். மார்கழியில் நான் நிஜமாகவே எழுந்தேன். அம்மா முதல் நாள் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தராசை ரோட்டுப் பக்கமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ் வந்து நின்றது.

"என்ன சார், சாமி பூவுக்கே எடையா?" டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அரசாங்க உத்தரவுண்ணே."

"சாமி கிராம் கணக்கு கேட்டாருன்னு இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். சீக்கிரம் போடுங்க, பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கிறான்."

டிரைவர் சிரித்துவிட்டுப் போனார். டீச்சர் சிரிக்கவில்லை. தராசு எண்ணைக் காட்டியதும் அவர் முகம் மாறியது. "இருக்கட்டுங்க, இன்னைக்கு வேண்டாம்" என்று நகர்ந்துவிட்டார். மறுநாள் தோட்டத்துக்கு எதிர்ப் பக்கம் போய் நின்றார். பறிக்கும் பெண்களும் கை நீட்டக் கூச்சப்பட்டார்கள். சிவப்புக் கூடை கனமானது. எனக்குச் சந்தோஷம். அக்காவின் முகம் தொங்கிப்போனது.

"தம்பி, எடை போட்டுக் கையில குடுத்தா அது கடை. எங்க வாசல கடையாக்கிப்புட்டீங்க."

"அப்ப என்னக்கா செய்ய? வேலை போயிருமே."

"ஒங்க வேலையும் இருக்கட்டும், என் வாசலும் இருக்கட்டும். தராசத் தூக்கிட்டு அங்கிட்டுப் போங்க, கொட்டகைக்குப் பின்னாடி. யாரு கண்ணுலயும் படக் கூடாது."

அப்படியே ஆனது. மாட்டுச் சாணிக் குவியலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே என் ஆய்வுக்கூடம் அமைந்தது. பறித்ததெல்லாம் முதலில் அங்கே வரும். நான் எடை போடுவேன். அக்கா பொட்டலங்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய், அப்போதுதான் அள்ளியதைப் போலக் கொடுப்பார். திருட்டுச் சாமான் கைமாறும் லட்சணத்தில் அரசு ஆராய்ச்சி நடந்தது. சில நாட்களில் டீச்சர் இந்தப் பக்கமே திரும்பி வந்துவிட்டார். "அந்தத் தராசுக்காரப் பையன் போயிட்டானா?" என்று அவர் கேட்டது பின்னால் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வெரட்டி விட்டுட்டேன் டீச்சரம்மா" என்று அக்கா சொன்னதும் கேட்டது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சந்தோஷமாக விரட்டப்பட்டதில்லை.

இந்த முறை தராசும் கண்ணும் ஒன்றையே சொல்லின. மருந்து வரிசை குளிரிலும் நன்றாகவே பூத்தது. மேடம் அறிக்கை எழுதி அனுப்பினார். ஏற்றுக்கொண்டார்கள். பாராட்டினார்கள். நோக்கம் நிறைவேறியதால் திட்டம் முடிந்தது என்றும் சொன்னார்கள். திட்டத்தோடு நானும் முடிந்தேன். தோற்றால் வேலை போகும் என்று பயந்தேனே தவிர, ஜெயித்தாலும் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் பூவை அம்மாவுக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கலாமோ என்று மேடத்திடம் கேட்டேன். "வாயை மூடிட்டுப் போ" என்றார். ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இப்போது புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வெயில் வந்த பிறகு வேலையைத் தொடங்குகிறேன். அந்த வட்டாரத்தில் சில பேர் புரட்டாசியிலேயே கவாத்து செய்கிறார்கள் என்று கேள்வி. மார்கழியில் எனக்கு இன்னமும் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போக இடம்தான் இல்லை.

திட்டம் முடிந்த மறுநாள் காலையில், செய்ய ஒன்றும் இல்லாமலேயே தோட்டத்துக்குப் போயிருந்தேன். தராசைக் கல்லூரியில் ஒப்படைத்தாயிற்று. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவனை அக்கா பார்த்தார்.

"என்ன தம்பி, எடை போட ஆளில்லையா?"

"சும்மா வந்தேன்க்கா."

"சும்மா வந்தவுக சும்மா வரிசைல எறங்கிப் பறிங்க."

இறங்கினேன். இத்தனை நாள் அரும்பை எடை போட்டவன், ஒரு நாளும் பறித்ததில்லை. காம்போடு இலையும், இலையோடு கிளையும் என் கையில் வந்தன. பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அக்காவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"யக்கா, இவர இப்படியே விட்டா நாளைக்கு வேரத்தான் எடை போடணும்."

நான் பறிப்பதை நிறுத்தவில்லை. வெயில் நன்றாக ஏறும்வரை அந்த வரிசையில்தான் இருந்தேன்.