சொல்லாமல் இறுக்கிய பூ

என் மகள் திருப்பதி யுனிவர்சிட்டியில் கணக்கு சொல்லிக் கொடுத்துக்கினு இருந்தாள். சித்தூரில் எங்கள் சபையில் அவ்வளவு படித்த பெண் வேறு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முன் பெஞ்சில் உட்கார்ந்து அதை எல்லோருக்கும் தெரிய வைப்பேன். நான் படித்தது, பைபிளை எழுத்துக் கூட்டி வாசிக்கிற அளவு.

அந்த வருஷம் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுகிற பாடம் அங்கே புதிதாக வந்தது. மிஷின் இன்னும் வரவில்லை. மிஷின் இல்லாமல் எப்படி நடத்துவாய், ஒரு வகுப்பு எடுத்துக் காட்டு என்றாராம் பெரிய சார். நன்றாக இருந்தால் பாடம் இவளுக்கு. இல்லையென்றால் இன்னொரு சாருக்கு.

லீவுக்கு வந்தவள் மல்லிப்பூவும் நாரும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"மிஷினுக்குச் சொந்த புத்தி கிடையாதும்மா. சொன்னதை மட்டும் செய்யும். பசங்களுக்கு அதைப் பூ கட்ட வச்சுக் காட்டப் போறேன். இப்போ நீதான் மிஷின்."

"புத்தி கிடையாதுன்னு உங்க நைனாவும்தான் என்னைச் சொல்லிக்கினு இருந்தாரு," என்றேன். சிரித்தாள்.

அவளுக்குப் பூ கட்டத் தெரியாது. படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று நான்தான் விடவில்லை. நான் கட்டுவதைப் பார்த்து அவளே எழுதிய காகிதத்தைப் படித்தாள். காம்பைச் சேர்த்து வை. நாரைச் சுற்று. வளையம் போட்டு நுழை. பூ தீரும்வரை இதையே செய்.

இறுக்கு என்று அதில் இல்லை. எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. தொளதொளவென்று ஒரு சரத்தைக் கட்டி மடியில் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. நானாக இறுக்கிக்கினே போனேன். "சரியா வந்துடுச்சு," என்று அந்தச் சரத்தை என் கொண்டையிலேயே வைத்துவிட்டாள்.

வகுப்பில் பையன்கள் காகிதத்தில் இருந்ததை மட்டும் செய்தார்கள். சரத்தைத் தூக்கிக் காட்டு என்றதும் பூவெல்லாம் தரையில். கடைசி பெஞ்சில் பெரிய சார். பாடம் இன்னொரு சாருக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அவள் கேட்டது இவ்வளவுதான்: "நான் சொல்லாததையும் செஞ்சியாம்மா?"

எனக்கா பூ கட்டத் தெரியாது என்று வாய் வரைக்கும் வந்தது. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"சரி, அடுத்த வருஷமும் வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லிக் கேப்பாங்க. இன்னொரு வாட்டி படிக்கிறேன், செய்."

சுற்று என்றாள், சுற்றினேன். நுழை என்றாள், நுழைத்தேன். இழுக்க விரல் துடித்தது. விட்டுவிட்டேன். அடுத்த பூவை வைப்பதற்குள் முதல் பூ மடியில் விழுந்தது. அவள் குனிந்து காகிதத்தில் ஒரு வரி சேர்த்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல் நான் பூவையே பார்த்துக்கினு இருந்தேன்.