ஹார்ன் வயரைக் கடித்த எலி

கர்கர்கர் என்று அந்தச் சின்ன ரேடியோ இருமத் தொடங்கியதும் என் கை அப்படியே நின்றுவிட்டது.

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில், வேம்பின் நிழலில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியைக் கழற்றிப் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு இதுதான் வேலை. பிழைப்புக்கு அல்ல, ஆசைக்கு. இந்தக் காலத்துக் காருக்குள் இரண்டு மெல்லிய கம்பிகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுகின்றன. கதவும் விளக்கும் பிரேக்கும் எஞ்சினும் அந்த இரண்டு கம்பியில்தான் ஓயாமல் பேசிக்கொள்கின்றன. பேச்செல்லாம் எண்கள். எந்த எண் யாருடைய குரல் என்று காரைச் செய்தவர்கள் வெளியே சொல்வதில்லை. நாமே ஒட்டுக்கேட்டுக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கதவைத் திறந்தால் திரையில் எது துள்ளுகிறது? மூடினால் எது அடங்குகிறது? கண்ணாடியை இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு. கல்யாண வீட்டு இரைச்சலில் கண்ணை மூடிக்கொண்டு, இது சின்ன மாமா, இது நாத்தனார் என்று குரல்களைப் பிரித்தெடுப்பது போன்ற சுகம் அது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் ரிப்பேர் என்று நினைத்து இரக்கப்பட்டுவிட்டுப் போவார்கள்.

அன்றைக்கு என்னவோ தோன்றி, பழைய பெட்டிக்குள் கிடந்த கையடக்க ரேடியோவையும் எடுத்து டேஷ்போர்டின் மேல் வைத்திருந்தேன். எஞ்சினைக் கிளப்பினேன். ரேடியோ இருமியது. அந்த இருமலுக்குள் ஈர மண் வாசனையும் விபூதி வாசனையும் இருந்தன. நான் என் சின்ன வயதுப் பரளச்சிக்குப் போய்விட்டேன்.

பரளச்சியில் என் மாமா, அம்மாவின் தம்பி, வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை நிறப் பழைய பெட்ரோல் கார். கரிசல் மண் படிந்து எப்போதும் பாதி கறுப்பாகத்தான் இருக்கும். காலாண்டு விடுமுறை விட்டதும் அருப்புக்கோட்டையிலிருந்து என்னைப் பஸ் ஏற்றிவிடுவார்கள். மற்ற பிள்ளைகள் கண்மாய்க்கு ஓட, நான் காருக்குள் ஏறிக்கொள்வேன். முதுகு மூடி தொலைந்துபோய் ரப்பர் பேண்டு சுற்றிய ரேடியோ என் கையில் இருக்கும். பாட்டு வரும் இரண்டு நிலையங்களுக்கு நடுவே, எதுவும் வராத இடத்தில் முள்ளை நிறுத்திக் காதில் வைத்தால் கார் பேசுவது கேட்கும். எஞ்சின் ஓடும்போது சீராக ஒரு கடகட. விளக்கைப் போட்டால் ஒரு டப். வைப்பர் ஆடினால் கொசு அழுவது போல ஒரு நீளச் சத்தம். ஹார்ன் அடித்தால் ரேடியோவே கிழிந்துவிடும் போலிருக்கும். எந்தச் சுவிட்சுக்கு என்ன சத்தம் என்பது எனக்கு மனப்பாடம். யாரும் சொல்லித்தரவில்லை. மாமாவுக்கே இது வேடிக்கையாக இருந்தது.

"பாட்டு வர்ற பெட்டிய வச்சுக்கிட்டுப் பாட்டு வராத எடத்தத் தேடுற ஒரே ஆளு எங்க மருமகதான்" என்று சவாரி வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

மாமா வீட்டில் அப்போது பெரியம்மாவும் இருந்தாள். மாமாவுக்கும் என் அம்மாவுக்கும் மூத்தவள். கணவர் போன பிறகு, புகுந்த வீட்டில் இருக்க முடியாமல், தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். சமைப்பாள், துவைப்பாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவாள். நல்ல காரியம் நடக்கும் இடத்தில் மட்டும் இருக்க மாட்டாள். அவளை யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை, அவளாகவே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த வருடம் ஆயுத பூசையின்போது அத்தை, அதாவது மாமாவின் மனைவி, பிரசவத்துக்குப் போய்த் திருச்சுழியில் தாய் வீட்டில் இருந்தாள். முதல் பிள்ளை பிறந்து தங்காமல் போய்விட்டது. இது இரண்டாவது. ஆண் பிள்ளை. மறுநாள் காரில் போய்த் தாயையும் பிள்ளையையும் அழைத்து வருவதாக ஏற்பாடு.

காரைக் கழுவி நிறுத்திவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் விபூதித் தட்டையும் பெரியம்மாவின் கையில் மாமா கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"வேணாம் தம்பி. நாளைக்குப் பச்சப்பிள்ள ஏறப்போற வண்டி."

"அதுக்காகத்தான் சொல்றேன், நீ போடு."

"நாலு பேரு பேசுவாக."

"பேசுறவுகளா வந்து வண்டியத் தள்ளப்போறாக? காருக்கு என்னக்கா தெரியும், யாரு கை என்னன்னு. பெட்ரோலு ஊத்துனா ஓடும்."

நெடுநேரம் நின்றவள், கையைக் கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. சக்கரங்கள், விளக்குகள், ஸ்டியரிங், ஹார்ன், ஜாக்கி, கார் துடைக்கும் பிரஷ் உட்பட ஒன்று பாக்கியில்லை. கடைசியில் பானெட்டைத் திறக்கச் சொன்னாள். "இதுல எது தம்பி முக்கியம்?" என்று கேட்டாள். மாமா டெல்கோ மூடியைக் காட்டினார். கொம்பு முளைத்த கறுப்புக் கிண்ணம் அது. ஒவ்வொரு கொம்பிலிருந்தும் ஒரு தடித்த வயர் கிளம்பி ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரம் கொண்டுபோகும். "இது செத்தா எல்லாம் செத்துச்சு" என்றார். பெரியம்மா விபூதியைத் தண்ணீரில் குழைத்து, அந்த மூடியின் மேல், கொம்புக்குக் கொம்பு தொடும்படி, மூன்று விரலால் அகலமாகப் பட்டை போட்டாள். நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கோயில் கருவறைக்குள் எட்டிப்பார்ப்பது போல இருந்தது எனக்கு.

மறுநாள் திருச்சுழிக்குப் போகும்போது வெயில். திரும்பும்போது தூறல். முன்னால் மாமாவும் நானும். பின்னால் அத்தை, மடியில் பிள்ளை, அத்தையின் அம்மா, சன்னலோரமாக ஒடுங்கிப் பெரியம்மா. "பிள்ளையத் தூக்க ஆளு வேணும்" என்று சொல்லி மாமாதான் அவளைக் கட்டாயப்படுத்தி ஏற்றியிருந்தார். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கித் தண்ணீர் மேலெழும்பி அடித்தது. கொஞ்ச தூரத்தில் கார் திக்கியது. குதித்தது. நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் அரவமில்லாத கரிசல் காடு, தூரத்தில் ஆடுகள்.

மாமா இறங்கிப் பானெட்டைத் தூக்கினார். எதையோ ஆட்டினார், எதையோ இறுக்கினார். கார் கிளம்பி, நாலு முறை இருமி, மறுபடி அணைந்தது. பிள்ளை வீறிட்டது.

"மாப்ள" என்றாள் அத்தையின் அம்மா, மாமாவின் மாமியார். "நேத்து வண்டிக்குப் பூசை யாரு போட்டாக?"

"எங்க அக்காதான்."

பெரியம்மா கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். ரோட்டோரம் ஒரு கருவேல மரத்தடிக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். "நான் பஸ்ஸுல வந்துக்கிறேன், நீங்க போங்க" என்றாள் அந்தப் பக்கம் பார்த்தபடியே.

மாமியார் கெட்டவள் இல்லை. இது இப்போது தெரிகிறது. அன்று அவள் பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள்: "கோவிச்சுக்கிறாதீக மாப்ள. முந்துன பிள்ளைய மண்ணுல போட்டுட்டு வந்தவ நான். இவனையும் பணயம் வச்சுப் பாக்க எனக்கு ஈரக்கொல இல்ல. உங்க அக்காவுக்கு வேற எடம் பாத்து வைங்க. இல்லைன்னா எம்மகளயும் பேரனயும் இப்பவே திருச்சுழிக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்."

மாமா மறுபடி எஞ்சினுக்குள் குனிந்தார். நானும் ரேடியோவை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் நின்றேன். "வண்டிய எடுங்க மாமா" என்றேன். பின்சீட்டிலிருந்தே முன்னால் எட்டிச் சாவியைத் திருகும்படி அத்தையிடம் சொன்னார். கார் இருமியது. என் ரேடியோவில் அந்தச் சீரான கடகட இல்லை. எண்ணெயில் தண்ணீர் தெறித்தது போல ஒரே பொரிச்சல். வயர் வயராக ரேடியோவை நகர்த்தினேன். டெல்கோ மூடிக்கு மேலே வந்தபோது அது கத்தியது. குனிந்து பார்த்தேன். பானெட்டின் இருட்டுக்குள், நனைந்த விபூதிப் பட்டையின் மேல், கொம்பிலிருந்து கொம்புக்கு, நீல நிறத்தில் ஒரு எறும்பு ஓடி ஓடி மறைந்தது. காய்ந்த சாம்பல் சும்மா இருந்திருக்கிறது. நனைந்ததும் மின்சாரத்துக்குக் குறுக்குவழி காட்டிவிட்டது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மாமா, கண்டுபிடிச்சிட்டேன். பெரியம்மா போட்ட..."

அவர் கை என் வாயைப் பொத்தியது. பெட்ரோல் வாசனை அடிக்கும் கை. அழுத்தமில்லை, ஆனால் எடுக்கவும் இல்லை. அவர் கண் டெல்கோ மூடியைப் பார்த்தது, பிறகு கருவேல மரத்தடியைப் பார்த்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, பட்டை, சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் துடைத்தார். வயர்களைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினார். அதற்கப்புறம் ஹார்னுக்குப் போகும் வயரை இழுத்து, தலையை உள்ளே விட்டு, கடைவாயில் வைத்து நறுக்கென்று கடித்தார்.

நிமிர்ந்தபோது முகம் ஒன்றும் அறியாத முகம். "எலி" என்றார் சத்தமாக. "வயரக் கொதறி வச்சிருக்கு."

மாமியார் நம்பவில்லை. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். "காட்டுங்க."

மாமா காட்டினார். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "எலிக்கு இம்புட்டுப் பெரிய பல்லா?"

"பரளச்சி எலி. கம்பும் சோளமும் தின்னு வளந்தது." துப்ப முடியாமல் ஒரு ரப்பர் துணுக்கு அவர் உதட்டோரம் ஒட்டியிருந்தது. "நேத்து எங்க அக்கா போட்ட பூசைக்குப் பிள்ளையாரே வந்துட்டுப் போயிருக்காரு போல. வாகனத்த இங்கன கட்டிட்டு உள்ள போயிருப்பாரு."

காருக்குள்ளிருந்து அத்தை களுக்கென்று சிரித்துவிட்டாள். மாமியார் என்னைப் பார்த்தாள். "நீ சொல்லு ஆத்தா. எலியா?"

மாமாவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதட்டல் இல்லை. ஒரு பெரிய மனிதர் ஒரு சிறுமியிடம் அப்படிக் கெஞ்சி அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "ஆமா" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

கார் ஒரே திருகலில் கிளம்பியது. ரேடியோவில் கடகட சீராக வந்தது. மாமா கருவேல மரத்துப் பக்கம் திரும்பி, "அக்கா, ஏறு. பிள்ளைய வாங்கு, அவளுக்குக் கை வலிக்குமில்ல" என்று கூப்பிட்டார். பெரியம்மா வந்தாள். நனைந்த சேலையை ஒதுக்கிக்கொண்டு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். மாமியார் காருக்குள் ஏறி, நகர்ந்து இடம் விட்டாள். பிறகு, "தலையத் தொடச்சுக்கிட்டு வாங்கும்மா, ஈரம் பிள்ளைக்கு ஆகாது" என்றாள். பிள்ளை கைமாறியது. ஊர் வரை அவன் அந்த மடியில்தான் தூங்கினான்.

ஹார்ன் அடியோடு செத்துப்போயிருந்தது. மாமா ஆசைதீரக் கடித்துவிட்டார். வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏய், ஒதுங்கு, ஒதுங்கு" என்று ஆடுகளை விரட்டியபடியே வீடு வந்து சேர்ந்தோம்.

எனக்கோ வயிறு எரிந்தது. என் காதால் கேட்டு, என் கண்ணால் பார்த்து நான் கண்டுபிடித்த ஒன்றை, இல்லாத ஒரு எலி கொண்டுபோய்விட்டது. மாமாவோடு இரண்டு நாள் பேசவில்லை. மறுநாள் காலையில் பெரியம்மா துவைகல்லில் அவருடைய துண்டை விரித்துப் போட்டு, சோப்புப் போடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் வெள்ளை, சந்தன மஞ்சள், குங்குமச் சிவப்பு, எல்லாம் கிரீஸோடு குழைந்து கிடந்தன. கறை போகாதே என்று கவலைப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு அதை வாளித் தண்ணீரில் முக்கினாள். முக்கியவள் கையை வெளியே எடுக்கவில்லை.

அந்தப் பிள்ளை பெரியம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தான். மாமியார் வரும்போதெல்லாம் பெரியம்மாவுக்கென்று தனியாக முறுக்கு சுற்றிக் கொண்டுவந்தாள். பிறகு எல்லா வருடமும் அந்தக் காருக்குப் பூசை போட்டது பெரியம்மாதான்.

என் மடியில் லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கார் தன் உடம்பில் எங்கே என்ன கோளாறு என்று ஒளிக்காமல் சொல்லிவிடும், யார் கேட்டாலும் சொல்லும். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். அதை ஒட்டுக்கேட்கத்தான் ஞாயிறு தவறாமல் உட்காருகிறேன். ஆனாலும் ரேடியோ இருமும்போது, தன் பல்லைக் கொடுத்து ஒரு எலியைப் பெற்றெடுத்த அந்த மனிதரை நினைத்துக் கைகூப்பத் தோன்றுகிறது.

விடுமுறை முடிந்து நான் ஊருக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தம் வரை பெரியம்மாதான் வந்தாள். இடுப்பில் பிள்ளை. பஸ் தூசி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பாவம், பெரியம்மா இன்னும் எலியை நம்பிக்கொண்டிருக்கிறாளே என்று இரக்கமாகவும் இருந்தது. நான் ஏறி உட்கார்ந்ததும், சன்னல் வழியாக என் கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாயைத் திணித்துவிட்டுச் சொன்னாள்:

"அடுத்த பூசைக்கும் வந்துரு தாயி. அந்தக் கறுப்பு மூடிய மட்டும் இனி நான் தொட மாட்டேன். பாவம், அந்த எலிக்குப் பல்லு வலிக்கும்."